மாமியாரின் கணக்கு நோட்டும் என் டைரியும்



அம்பத்தூர் மேனாம்பேட்டிலிருந்து எழுதுகிறேன். வயது முப்பத்தேழு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு பெண், ஒரு பையன்.

இந்தப் பக்கத்துக்கு எழுதுகிற பலரும் சமையல் குறிப்போ வீட்டு வைத்தியமோ சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள். ‘என் வாழ்க்கையைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு எழுத என்ன இருக்கிறது?’ என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எழுதினேன். வருஷா வருஷம் என் கணவருக்குப் பட்டறையில் கொடுக்கிற டைரி எனக்குத்தான் வரும். ஜனவரியில் தினமும் எழுதுவேன். மார்ச்சில் வாரம் ஒரு நாள். அப்புறம் தீபாவளிப் பட்சணக் கணக்குதான் அதில் இருக்கும். உங்களில் எத்தனை பேர் வீட்டு டைரியும் இப்படித்தான், நீங்களே சொல்லுங்கள்!

போன வருஷம் என் மாமியார் காலமானார். இந்தப் பொங்கலுக்குப் பரண் ஒழித்தபோது ஒரு பழைய அரிசி டின் இறங்கியது. உள்ளே பதினான்கு நோட்டு. எல்லாம் அத்தை எழுதிய வரவு செலவுக் கணக்கு. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், காது மேல் சொருகியிருக்கும் பென்சிலை எடுத்து எழுதுவார். ஐந்தாம் வகுப்புதான் படித்தவர். ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் அவரிடம் வித்தியாசமே கிடையாது. அந்த டின்னுக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டைப் பெட்டியில் என் டைரிகளும் இருந்தன.

பத்தாவது படிக்கிற என் மகள் இரண்டையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் டைரியைப் புரட்டினாள். மூடி வைத்துவிட்டு ஆயா நோட்டை எடுத்தாள். அதை விடவே இல்லை. நடுநடுவே சிரிக்கிறாள், “அம்மா இதக் கேளேன்” என்று வாசித்துக் காட்டுகிறாள். ஷிப்டு முடிந்து வந்த என் கணவரும் கை கழுவிய ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பாடு ஆறிப் போச்சு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான்தான் விளக்கை அணைத்தேன்.

எனக்குக் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது. “அதுல என்னடி அப்படி இருக்கு? கத்திரிக்காய் விலைதானே?” என்று கேட்டேன்.

“உன் டைரில எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்மா. ஆயா நோட்டுல ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இல்ல” என்றாள்.

மறுநாள் எல்லோரும் வெளியே போனதும் நானே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தை நோட்டில் இப்படி இருக்கிறது: ‘கத்திரிக்காய் அரை கிலோ 12. சொத்தை. திருப்பினேன், வாங்கவில்லை.’ இன்னொரு நாள்: ‘பூ 10. விளக்கு வைத்த பிறகு போயிருந்தால் 5க்குத் தந்திருப்பாள்.’ 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னையே மூழ்கிய சமயம்: ‘மழை. கரண்ட் இல்லை. பால் அரை லிட்டர் 50 என்றான். வாங்கவில்லை. மெழுகுவர்த்தி 6க்கு 60. எதிர் வீட்டுக்கு 2.’

அதே நாளில் என் டைரியில் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? ‘இயற்கையின் சீற்றத்தின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன்! வாழ்க்கை என்பது ஒரு போராட்டம்.’ தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டில் பால் இல்லாமல் மூன்று வயதுப் பையன் அழுகிறான், நான் இதை எழுதியிருக்கிறேன்! எங்கேயோ காலண்டரில் படித்ததை எழுதி வைத்த மாதிரி. படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்பது எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. டைரியிலும் இல்லை.

அப்புறம்தான் அம்பத்தூர் நூலகத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற மேடத்திடம், “கணக்கு மாதிரி எழுதின டைரி ஏதாவது புஸ்தகமா இருக்கா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துத் தந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. ‘இவ்வளவு பெரிசா?’ என்று பயந்தேன். “இது ஒரு தொகுதிதான்மா, இன்னும் நிறைய இருக்கு” என்றார்.

ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தது 1709ம் வருஷம், நம்ம பெரம்பூரில். எங்கள் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வருகிற அதே பெரம்பூர்தான். குடும்பம் புதுச்சேரிக்குப் போய், அங்கே வியாபாரத்தில் பெரிய ஆளாகி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் வெள்ளைக்காரர் பேச்சை நம்மவருக்கும் நம்மவர் பேச்சை அவர்களுக்கும் சொல்கிறவர். 1736 செப்டம்பரில் டைரி எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் சாகிற வரை ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் எழுதியிருக்கிறார்.

சரித்திரம் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். பள்ளியில் அப்படித்தான். ஆனால் இவர் எழுதியிருப்பது பாடப் புத்தகம் மாதிரி இல்லை. கப்பல் வந்தால் என்ன சரக்கு வந்தது, எத்தனை பீரங்கி சுட்டார்கள் என்று எண்ணி எழுதுகிறார். கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன் என்று பேச்சைப் பேச்சாகவே போடுகிறார். யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு யாரோடு சண்டை, ஊரில் என்ன வதந்தி, எது நல்ல சகுனம் எல்லாம் இருக்கிறது. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் நம்ம சென்னைக் கோட்டையையே பிடித்துக்கொண்டார்களே, அந்தச் சமயத்தில் புதுச்சேரியில் உட்கார்ந்து வருகிற செய்தியை எல்லாம் எழுதுகிறார். கவர்னர் மனைவியை அவருக்குப் பிடிக்காது. அதை மறைக்கவே இல்லை. யாராவது தன்னைப் புகழ்ந்தால் அதையும் விடாமல் எழுதி வைத்துக்கொள்கிறார். படிக்கும்போது ‘ஐயோ, இவரும் நம்ம வீட்டுப் பெரியவர்கள் மாதிரிதான்’ என்று சிரிப்பு வருகிறது. பெரிய மனிதர் என்று கை கட்டி நின்று படிக்கத் தோன்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

அவர் போன பிறகு அந்த நோட்டுகள் வீட்டோடு கிடந்தன. 1846ல்தான் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் அவற்றைத் தேடிப் பிடித்துப் படி எடுத்தார். பிறகு சென்னை அரசாங்கமே 1904லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதியாக இங்கிலீஷில் போட்டது. தமிழிலும் அச்சானது. அதை வைத்துத்தான் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதற்கு 1995ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. எண்பது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த நோட்டு! எங்கள் அரிசி டின் ஞாபகம் வராமல் இருக்குமா?

‘சரிதான், அவர் கவர்னரோடு பேசினார், எழுதினார். நான் காய்கறிக்காரரோடுதானே பேசுகிறேன்’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்குத்தான் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

2014 ஆகஸ்டில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் அண்ணி வீட்டார் செய்வார்கள் என்றாலும், அத்தை முறைக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? அத்தை அந்த மாதம் சீட்டு எடுத்திருந்தார். எனக்குத் தெரியும். ஒரு ஜோடி தோடு எடுக்கப் பணம் கேட்டேன். “இல்லம்மா” என்று ஒரே வார்த்தை. காரணம் சொல்லவில்லை. நான் கோபத்தில் ஏதேதோ பேசிவிட்டேன். காதுகுத்துக்கு வெறும் டிபன் கேரியர் ஒன்று வாங்கிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் கூனிக் குறுகி நின்றேன். அந்த வருத்தம் அத்தை சாகிற வரை எனக்கு இருந்தது. கடைசியில் அவருக்குக் கஞ்சி கொடுத்ததும் துணி மாற்றியதும் நான்தான், குறை வைக்கவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு என் டைரியில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். ‘இந்த வீட்டில் எனக்கு என்ன மதிப்பு? பெண்ணாய்ப் பிறந்ததே பாவம். என் கண்ணீர் யாருக்குத் தெரியும்?’ இப்படியே நாலு பக்கம். என் மகள் அதைப் படித்துவிட்டு, “சண்டை எதுக்கும்மா? அதையே எழுதலியே” என்றாள். திரும்பப் பார்த்தேன். தோடு என்ற வார்த்தையே இல்லை. காதுகுத்து என்றும் இல்லை. நாலு பக்கமும் அழுகைதான்.

அத்தை நோட்டில் அதே தேதியைத் தேடி எடுத்தோம். அப்படியே எழுதுகிறேன், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்:

‘சீட்டு வரவு 8,500. தண்டல் பாக்கி 4,000. மளிகை பாக்கி 3,260. பால் பாக்கி 1,140. கையில் 100. மருமகள் தோட்டுக்குக் கேட்டாள். இல்லை என்றேன்.’

அடுத்த வரி, மறுநாள்: ‘சாதம் மீந்தது. யாரும் சாப்பிடவில்லை. பூனைக்கு.’

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த வருஷம் ஆர்டர் இல்லாமல் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூன்று மாதம் மூடி வைத்திருந்தார்கள். வீடு எப்படியோ ஓடியது. எப்படி ஓடியது என்று நான் கேட்டதே இல்லை. அத்தை தண்டலுக்குப் பணம் வாங்கிச் சமாளித்திருக்கிறார். பிள்ளைக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினால் தினம் தினம் ‘தண்டல் 100, தண்டல் 100’ என்று வரிசையாக இருக்கிறது. இரண்டு நாள் ‘தண்டல் இல்லை. நாளைக்கு என்றேன்’ என்று இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவர் வாசலில் நின்று என்ன பேச்சு வாங்கினாரோ! அதை எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரிகிறது.

என் கணவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார்.

சகோதரிகளே, எழுத்து என்றால் அலங்காரமாக இருக்க வேண்டும், மனதை உருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் நாலு பக்கத்தைப் படித்து யாரும் உருகவில்லை. அத்தையின் ஆறு வரியைப் படித்து மூன்று பேரும் அழுதோம். அத்தை தன் மனதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என்ன நடந்தது, எவ்வளவு ஆனது, யார் என்ன சொன்னார், அவ்வளவுதான். நான் என்ன ஆனது என்பதை விட்டுவிட்டு எனக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்களுக்குப் பிடிமானமே இல்லை.

அதற்காக மனதில் பட்டதை எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கதை. பன்னிரண்டு வயதில் கல்யாணம், பன்னிரண்டு குழந்தைகள். பெண் படித்தால் விதவையாகிவிடுவாள் என்று பயமுறுத்திய காலம். அவர் கணவர் படிக்கிற புத்தகத்திலிருந்து ஒரு ஏட்டை யாருக்கும் தெரியாமல் உருவி, அடுப்படியில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்தை ஒப்பிட்டுத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். வங்காள மொழியில் வந்த முதல் தன் வரலாறு என்று அதைச் சொல்கிறார்கள்.

அதில் ஒரு இடம் வரும். முற்றத்தில் நெல் குவித்திருக்கிறது. ஒரு குதிரை வந்து தின்கிறது. அது கணவருடைய குதிரை. கணவரின் குதிரைக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று வெட்கப்பட்டு இவர் உள்ளே ஒளிந்துகொள்கிறாராம்! அந்தக் காலத்துப் பெண்கள் எப்படி அடங்கி இருந்தார்கள் என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இந்தக் குதிரைக்கு ஈடாகுமா? தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்களே என்று அவர் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

நம் காலத்திலேயே பேபி ஹால்தர் இருக்கிறார். டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் வீட்டு வேலை செய்தவர். சின்ன வயதில் கல்யாணம், அடி உதை, மூன்று பிள்ளைகளோடு வெளியே வந்தார். வேலை பார்த்த வீட்டின் பெரியவர் பிரபோத் குமார், எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அவர் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண்ணின் கண் புத்தகத்தின் மேலேயே போவதைக் கவனித்து, ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து ‘உன் கதையை எழுது’ என்றார். வேலையெல்லாம் முடிந்த பிறகு எழுதினார். 2002ல் இந்தியில் புத்தகமாக வந்தது. பிறகு பல மொழிக்குப் போனது.

இன்னொன்று. எங்கள் மேனாம்பேட்டை ஒட்டினாற்போல் கருக்கு என்று ஒரு இடம் உண்டு. நூலகத்தில் ‘கருக்கு’ என்ற புத்தகத்தைப் பார்த்ததும் எங்க ஏரியாக் கதையாக்கும் என்று எடுத்துவிட்டேன்! அது பாமா 1992ல் எழுதியது, பனை மட்டையின் ரம்பம் போன்ற விளிம்புக்குப் பெயர் கருக்கு என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அவர் தெற்கே தன் ஊரில் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருக்கிறார். ‘இலக்கணமா எழுதத் தெரியாதே’ என்று தயங்குகிற எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது. “இல்லம்மா” என்று அத்தை சொன்னதை ‘இல்லை என்று மறுத்துரைத்தார்’ என்று நான் எழுதினால் அது அத்தையாக இருக்காது.

இப்போது சிக்கலான விஷயத்துக்கு வருகிறேன். நம் கதையை எழுதினால் அதில் நம் வீட்டார் வந்தே தீருவார்கள். இதை எழுதி முடித்ததும் கணவரிடம் கொடுத்தேன். படித்தார். தண்டல்காரர் பேரை எழுதியிருந்தேன். “அந்த ஆளு பேர எடுத்துடு. அம்மா அவர்கிட்ட மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க” என்றார். எடுத்துவிட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கம்மா கடன் வாங்கினதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா அண்ணி? உங்களுக்கு எழுத வேற ஒண்ணுமே கிடைக்கலியா?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை நான் சொல்கிறேன். ஆனால் இத்தனை வருஷமும் அத்தையைக் கஞ்சப் பிசினாறி என்று என் பிறந்த வீட்டில் சொல்லி வந்தவளும் நான்தான். அதைச் சொன்ன வாய், இதையும் சொல்லத்தானே வேண்டும்? அவளிடம் இப்படிச் சொன்னேன். பதில் பேசாமல் போனை வைத்துவிட்டாள். இரண்டு வாரம் பேச்சே இல்லை. இந்தக் கடிதமும் மேஜை மேலேயே கிடந்தது.

இடையில் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். டைரி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதில் பக்கம் பெரிதாக இருப்பதால்தான் நிரப்ப வேண்டுமே என்று ‘வாழ்க்கை ஒரு போராட்டம்’ எல்லாம் வந்துவிடுகிறது. நோட்டில் நாலு வரி போதும். பையன் சொன்ன பொய்யை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். எரிச்சலில் நான் என்ன கத்தினேன் என்பதையும் எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக ஏதாவது விட்டுவிட்டேனா என்று மறுநாள் பார்த்தால் பாதி நாள் விட்டிருக்கிறேன்!

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கி வந்தாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து அந்த டின்னை இறக்கச் சொன்னாள். 2006ம் வருஷத்து நோட்டை மட்டும் தேடி எடுத்தாள். அது அவள் கல்யாணம் நடந்த வருஷம். அதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, “நீங்க அனுப்பிடுங்க அண்ணி” என்றாள்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். “வளையல் 2, அடகுன்னு எழுதியிருக்கே, அது எந்த வளையல்? அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.